ஒழுங்கைக்குள் ஆரம்பப் பாடசாலை: வகுப்பைக் கூட்டினால் வாகனம் எங்கே நிற்கும்?

கடற்கரை ஒழுங்கை | 2023 செப்டம்பர் 4, இரவு 8.40

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலோர மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஆரம்பப் பாடசாலை. தரம் 1 முதல் 5 வரை, தரத்துக்கு நாலு வகுப்பு. இனி ஒவ்வொரு தரத்திலும் ஐந்தாவதாக ஒரு வகுப்பும் தொடங்கி, 100 அடிக்கு 25 அடியில் மூன்று மாடிக் கட்டிடமும் போடப் பேச்சு நடக்கிறது. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் ஒழுங்கையில் ஐந்து தொடர்மாடி இருக்கிறது. பாடசாலை விடும் நேரத்தில் இப்போதே எந்தக் கேற்றையும் திறக்க முடியாது. புதுக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தை முழுக்கத் தூணில் நிறுத்தி 30 வாகனத்துக்கு இடம் விடச் சொல்லிக் கேட்கப் போகிறோம். அது கிடைத்தால் பிரச்சினை தீரும் என்பது என் கணக்கு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபலகை | செப்டம்பர் 4, இரவு 10.15

தீராது. முதலில், 30 வாகனம் அந்தக் கட்டிடத்துக்குக் கீழே போகவே போகாது.

ஒரு காருக்கு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம் வேண்டும். 25 அடி ஆழம் என்பது 7.6 மீற்றர். அதில் ஒரு வரிசை கார்தான் நிற்கும், மிச்சம் 2.8 மீற்றர். நேர்குத்தாக நிறுத்தித் திருப்பி எடுக்க முன்னால் 6 மீற்றர் பாதை வேண்டும் என்பதால் அது முற்றத்தையும் விழுங்கும். பாடசாலைக் கட்டிடத்தில் தூண்கள் வழமையாக 20 அடிக்கு ஒன்று வரும், ஒரு வகுப்பறை ஒரு தூண் இடைவெளி. 20 அடி என்றால் 6.1 மீற்றர். இரண்டு கார் நிற்கும், மூன்றாவதுக்கு இடம் போதாது, ஒரு மீற்றருக்கு மேல் வீணாகும். ஐந்து இடைவெளிக்குப் பத்துக் கார். படிக்கட்டுக்கு ஒரு இடைவெளி போனால் எட்டு.

இதைவிட முக்கியமானது, காலை நெரிசலும் மதிய நெரிசலும் வேறு வேறு வியாதி. இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்கிறீர்கள்.

காலையில் கார் நிற்கும், கதவு திறக்கும், பையும் தண்ணீர்ப் போத்தலும் இறங்கும், பிள்ளை இறங்கும், கார் போகும். 40 முதல் 60 விநாடி. கேற்றுக்கு முன்னால் ஆறு வாகனம் நிற்க ஓர் ஓரம் இருந்தால் கணக்குப்படி அரை மணியில் 180 வாகனம் வந்து போகலாம். முன்னால் நிற்பவர் பிள்ளைக்குச் சப்பாத்து நாடா கட்டும்போது பின்னால் உள்ள எல்லாரும் நிற்பதால் பாதிதான் நடக்கும். 90 என்று வையுங்கள். மதியம் 1.30க்கு விடும் பிள்ளையை எடுக்க 1.10க்கே வந்து நின்று, 1.40க்குப் புறப்படுகிறார்கள். அந்த அரை மணியும் ஓர் இடம் ஒரே வாகனத்துக்கு. காலையில் 90 வாகனத்தைச் சமாளித்த அதே ஓரம் மதியம் ஆறு வாகனத்தைத்தான் சமாளிக்கும்.

ஆகவே காத்திருப்பு நேரத்தை வெட்டுவதுதான் வேலை. இடத்தைக் கூட்டுவது அதற்கு அடுத்தது.

டொல்பின் | செப்டம்பர் 5, காலை 5.50

வேன்காரரைத்தான் எல்லாரும் திட்டுவார்கள் என்பதால் முதலே எழுதி வைக்கிறேன். ஒரு ஹையேஸ் வேன், முன்பின் இடைவெளியோடு ஆறு மீற்றர் ஓரம் பிடிக்கும். அதில் 12, 13 பிள்ளைகள். ஒரு காரும் கிட்டத்தட்ட அதே ஆறு மீற்றர் பிடிக்கும், அதில் ஒரு பிள்ளை, கூடினால் இரண்டு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு வேன் கட்டணம் ஏறி, நிறையப் பேர் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் மாறினார்கள். வேனில் பிள்ளை குறையக் குறைய ஒழுங்கையில் வாகனம் கூடும்.

நாங்கள் ஏன் முன்னதாக வந்து நிற்கிறோம் என்றால், ஒரு வேன் இரண்டு மூன்று பாடசாலை எடுக்கிறது. கீழ் வகுப்பு முந்தி விடும், மேல் வகுப்பு பிந்தி விடும், நடுவில் போய்வர நேரமில்லை. உள்ளே நிற்க இடம் தந்தால் ஒழுங்கையில் எவரும் நிற்கமாட்டார்கள்.

வரைபலகை | செப்டம்பர் 5, மதியம் 12.30

டொல்பின் சொன்னதை எண்ணிக்கையில் போடுகிறேன்.

உள்முற்றத்தில் 24 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம் உள்ள ஒரு துண்டு நிலம் இருந்தால் இரண்டு வரிசையில் எட்டு வேன் நிற்கும். எட்டும் ஒன்றாக உள்ளே வரும், ஒன்றாக ஏற்றும், ஒன்றாக வெளியே போகும். ஒரு தொகுதிக்குப் பத்து நிமிடம், ஏறக்குறைய நூறு பிள்ளைகள். இரண்டு தொகுதி ஓடினால் இருபது நிமிடத்தில் இருநூறு பிள்ளைகள் ஒழுங்கையைத் தொடாமல் போய்விடுவார்கள். அதே 144 சதுர மீற்றரைக் கார் தரிப்பிடமாக்கினால், திருப்பும் பாதை போக ஐந்தாறு காருக்கு மேல் நிற்காது.

செய்முறையில் பிழைக்கும் இடங்கள்:

நுழையும் கேற்றும் வெளியேறும் கேற்றும் வேறாக இருக்கவேண்டும். ஒரே கேற் என்றால் வேன் பின்னோக்கி எடுக்கும். ஆரம்பப் பிள்ளைகள் நிற்கும் முற்றத்தில் எந்த வாகனமும் பின்னோக்கி எடுக்கக்கூடாது, இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. இரண்டாவது கேற்றுக்கு மதிலை உடைக்க முடியாவிட்டால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

கேற்றை மதில் கோட்டிலேயே போடாமல் ஆறு மீற்றர் உள்ளே தள்ளிப் போடவேண்டும். காவலாளி திறக்கும் வரை காத்திருக்கும் வேனின் வால் ஒழுங்கையில் நீட்டிக்கொண்டு நிற்காது.

வாகனம் நின்று, என்ஜின் நின்ற பிறகுதான் பிள்ளைகளின் வரிசை முற்றத்துக்குள் வரும். எல்லாக் கதவும் சாத்திய பிறகு ஆசிரியர் கை காட்டுவார், அதுவரை ஒரு சில்லும் உருளக்கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் அது தரிப்பிடம் இல்லை, ஆபத்து.

தரைக்கு இன்ரலொக் கல் போடுவதானால் 80 மில்லிமீற்றர் கல். நடைபாதைக்குப் போடும் 60 மில்லிமீற்றர் கல்லைப் போட்டால் வேன் சில்லுத் தடத்தில் தாழ்ந்து, மழைக்குத் தண்ணீர் தேங்கும்.

தரம் 2 ஆசிரியை | செப்டம்பர் 5, மாலை 6.05

கீழ்த்தளத்தைத் தூணில் நிறுத்தும் யோசனையில் ஒன்றை எவரும் தொடவில்லை. தரம் 1, 2 பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தில்தான் வகுப்பு இருக்கவேண்டும். கீழே வாகனம் என்றால் ஆறு வயதுப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும். இடைவேளையில் மலசலகூடத்துக்கு இறங்கி ஏறும். வாந்தி எடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் இறங்கும்போது மற்ற 34 பிள்ளைகளும் மாடியில் தனியே. வாகனப் புகையும் சூடும் நேரே மேல் வகுப்புக்குத்தான் வரும்.

இன்னொன்று. நேரத்தைப் பிரித்து விடலாம் என்று அடுத்து எழுதுவீர்கள். பிரிக்கும் முன் சகோதரர்களைக் கணக்கெடுங்கள். அண்ணன் தரம் 4, தங்கை தரம் 1 என்றால் தாய் இரண்டு முறை வரமாட்டார். ஒரே முறை வந்து ஒழுங்கையில் இருப்பார்.

வரைபலகை | செப்டம்பர் 5, இரவு 9.20

ஆசிரியை சொன்ன முதலாம் காரணமே போதும். கீழ்த்தளம் பிள்ளைகளுக்கு.

ஆனால் கட்டிடத்தின் ஒழுங்கைப் பக்க முனையில் ஓர் இடைவெளியை மட்டும் தூணில் விடலாம், ஆசிரியர்களின் வாகனத்துக்கு. அவை காலை ஏழு மணிக்கு வந்து, பாடசாலை விட்ட பிறகே போகும். நடுவில் அசையாததால் பிள்ளைகளுக்கு ஆபத்துக் குறைவு. ஒழுங்கையில் நாள் முழுக்க ஓரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் இவைதான். உள்ளே எடுக்கும் ஒவ்வொரு ஆசிரியர் காருக்கும் ஆறு மீற்றர் ஓரம் விடுபடும், செலவும் குறைவு. எங்கே தொடங்குவது என்று கேட்டால் இங்கேதான்.

அந்த முனையில் தூண் இடைவெளியை 20 அடியிலிருந்து 25 அடியாக்கச் சொல்லிக் கட்டமைப்புப் பொறியியலாளரிடம் கேளுங்கள். 25 அடி என்பது 7.62 மீற்றர், தூணின் ஓர் அடி கழித்தால் 7.32. மூன்று காருக்கு 7.2 போதும். ஐந்தடி கூட்டினால் இரண்டு கார் மூன்றாகிறது. பீம் ஆழம் கூடும், கம்பியும் கூடும், அது ஓர் இடைவெளிக்கு மட்டும்தான். வரைபடம் அச்சாகும் முன் கேட்கவேண்டிய விடயம் இது. அத்திவாரம் வெட்டிய பிறகு எவராலும் மாற்ற முடியாது.

கடற்கரை ஒழுங்கை | செப்டம்பர் 6, காலை 7.55

ஒழுங்கையை ஒருவழியாக்கலாமா? ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் மரைன் டிரைவ். இரண்டு வாயும் திறந்துதானே இருக்கிறது.

நடைபாதை | செப்டம்பர் 6, காலை 10.40

ஒருவழி நல்லது. ஆனால் திசையை முதலில் முடிவு செய்யவேண்டும், அதைத்தான் பல இடங்களில் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாங்கள் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வேனின் இழுவைக் கதவு இடப்பக்கம். பிள்ளை இடப்பக்கம்தான் இறங்கவேண்டும், இறங்கினால் பாடசாலை மதில் இருக்கவேண்டும். காலி வீதியிலிருந்து கடலை நோக்கிப் போனால் இடப்பக்கம் தெற்கு. பாடசாலை ஒழுங்கையின் தெற்குப் பக்கம் இருந்தால் காலி வீதியில் நுழைந்து மரைன் டிரைவில் வெளியேறலாம், அது நன்றாக ஓடும். வடக்குப் பக்கம் இருந்தால் மரைன் டிரைவில் நுழைந்து காலி வீதியில் வெளியேறவேண்டும். காலி வீதிக்குள் புக இடைவெளி கிடைக்காமல் வெளியேறும் வாகனம் பின்னுக்கு வரிசை பிடிக்கும். அந்த வாயில் ட்ரபிக் பொலிஸ் ஒருவர் நிற்காவிட்டால் ஒருவழியால் பலன் இல்லை.

அகலம் எவ்வளவு? 18 அடி என்றால் 5.5 மீற்றர். ஓர் ஓரத்தில் வாகனம் நின்றால் 3.5 மீற்றர் மிஞ்சும், அம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போகலாம். இரண்டு ஓரத்திலும் நின்றால் 1.5 மீற்றர், ஆட்டோவும் சிக்கும். ஆகவே ஒரு பக்கம் மட்டும். கேற்றுகள் குறைந்த பக்கத்தை அதற்கு ஒதுக்கி, ஒவ்வொரு கேற்றுக்கும் நாலு ஐந்து மீற்றரைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணினால் உண்மையில் எத்தனை வாகனம் நிற்கலாம் என்பது தெரியும். பெரும்பாலும் நினைத்ததில் பாதிதான் வரும்.

டொல்பின் | செப்டம்பர் 6, இரவு 8.15

ஒருவழி என்றால் பலகை போட்டு விட்டுவிடாதீர்கள். உணவு கொண்டுவரும் பைக், காஸ் சிலிண்டர் லொறி, மாநகர சபைக் குப்பை லொறி எல்லாம் எதிர்த்து வரும். குப்பை லொறி வரும் நேரத்தை மாற்றும்படி கேட்டு வாங்குங்கள். மற்ற நேரம் முழுக்க இருவழியாகவே இருக்கட்டும். காலை ஒரு மணி நேரமும் மதியம் விடும் நேரமும் மட்டும் ஒருவழி என்றால் குடியிருப்பவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

வரைபலகை | செப்டம்பர் 7, மதியம் 1.10

இனி எண்ணிக்கை எடுக்கும் முறை. இது இல்லாமல் கூட்டத்துக்குப் போனால் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள். திங்களும் வெள்ளியும் வேண்டாம். திங்கள் காலை எப்போதும் கூடுதல் நெரிசல், வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் சுற்றுவட்டாரமே வேறு மாதிரி. பாடசாலை விளையாட்டுப் போட்டி, பெற்றோர் கூட்டம், பரீட்சை உள்ள வாரத்தையும் விடுங்கள். ஆடிவேல் நாட்களையும் விடுங்கள், காலி வீதியின் கணக்கே அன்று வேறு.

காலை 6.45 முதல் 7.45 வரை, மதியம் 11.00 முதல் 2.00 வரை. ஒழுங்கையின் இரண்டு வாயிலும் ஒவ்வொருவர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக வேன், கார், ஆட்டோ, பைக், நடை என்று கோடு போடவேண்டும். 15 நிமிடக் கட்டம் போட்டால் உச்சம் தெரியாமல் கரைந்துவிடும், பாடசாலை நெரிசல் முழுக்க 20 நிமிடத்துக்குள்தான் நடக்கிறது.

மூன்றாவது ஆள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒழுங்கை நீளத்துக்கு நடந்து, நிற்கும் வாகனங்களின் இலக்கத் தகட்டில் கடைசி நாலு எண்ணை எழுதவேண்டும். ஒரே எண் ஐந்து சுற்றில் வந்தால் அந்த வாகனம் ஏறக்குறைய 25 நிமிடம் நின்றிருக்கிறது. இதிலிருந்து மூன்று விடயம் வரும்: எந்த நிமிடத்தில் அதிக வாகனம் நின்றது, சராசரியாக எவ்வளவு நேரம் நின்றது, காலை முதல் அசையாமல் நின்றவை எத்தனை. மூன்றாவதில் ஆசிரியர் வாகனமும் இருக்கும், குடியிருப்பவர் வாகனமும் இருக்கும், பாடசாலைக்குச் சம்பந்தமே இல்லாமல் காலி வீதிக் கடைக்கு வந்தவரின் வாகனமும் இருக்கும். பிரித்து எழுதினால் சண்டை பாதி குறையும்.

எண்ணுபவர் ஒருவர் பாடசாலைப் பக்கம், ஒருவர் குடியிருப்போர் பக்கம். தாளின் கீழே இருவரும் கையெழுத்து. இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் மற்றவரின் எண்ணை ஏற்காது.

தரம் 2 ஆசிரியை | செப்டம்பர் 7, மாலை 5.30

அந்தத் தாளில் "எங்கிருந்து வருகிறது" என்ற நிரலும் வேண்டும். அதற்கு வாசலில் நிற்கத் தேவையில்லை, வகுப்பாசிரியர் ஒரே நாளில் எடுக்கலாம்: பிள்ளை எங்கிருந்து எதில் வந்தது, எதில் போகும், கூடப் படிக்கும் சகோதரர் எந்தத் தரம்.

நடைபாதை | செப்டம்பர் 8, காலை 9.00

ஆசிரியை கேட்கும் நிரல் மிக முக்கியம். முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் சகோதரருக்கு. மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்றவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். அப்படியானால் பாதிப் பிள்ளைகள் நடந்து வரவேண்டும். நடந்து வருவதில்லை. காலி வீதியின் மறுபக்கத்திலிருந்து வரும் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே கடக்க விட எந்தத் தாயும் துணியமாட்டார். 400 மீற்றர் தூரத்துக்கு ஆட்டோ பிடிக்கிறார்கள். பழைய மாணவரின் பிள்ளைகள் தெஹிவளை, இரத்மலானை, வத்தளை என்று எங்கிருந்தும் வருவார்கள்.

ஒழுங்கையிலிருந்து முதலில் குறைக்கக்கூடியது இந்த 400 மீற்றர் ஆட்டோக்களைத்தான். காலி வீதியின் அந்தப் பக்கம் ஒரு கூடுமிடம், வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் ஒன்று, 100, 101 பஸ் நிறுத்தத்தில் ஒன்று. குறித்த நேரத்தில் பெரியவர் ஒருவர் எட்டுப் பத்துப் பிள்ளைகளைக் கயிறு பிடித்து வரிசையாகக் கூட்டிவருவது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கடவையில் நிற்கும் ஆள் கையில் நிறுத்தப் பலகை. இதற்குக் கட்டிட அனுமதி எதுவும் வேண்டாம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் முடிவெடுத்தால் அடுத்த தவணையே தொடங்கலாம். தெற்கே தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சிசு செரிய பஸ், அதாவது மாணவருக்கான அரச பஸ், கேட்டு அதிபர் விண்ணப்பிக்கலாம். ஒரு பஸ் கிடைத்தால் நாலு வேன் குறையும்.

கடற்கரை ஒழுங்கை | செப்டம்பர் 8, இரவு 9.45

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர், அரச பாடசாலை என்றால் மாநகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகாரசபையிலும் அனுமதி எடுக்கத் தேவையில்லை, நாங்கள் பேசியும் பலனில்லை என்கிறார். உண்மையா?

வரைபலகை | செப்டம்பர் 9, காலை 8.30

இல்லை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடத்தில் அரச நிறுவனமும் அனுமதிப் பத்திரத்தின் கீழ்த்தான் கட்டலாம். கொழும்பு மாநகர எல்லை அப்படிப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2021இல் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள்.

ஒழுங்கு இப்படி: நில அளவைப் படம், வீதிக் கோட்டுச் சான்றிதழ், பிறகு பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி. அந்தக் கட்டத்தில்தான் எத்தனை தரிப்பிடம், மதிலிலிருந்து எவ்வளவு பின்தள்ளல், வீதி அகலத்துக்கு எத்தனை மாடி என்பது தீரும். ஆட்சேபணையோ ஆலோசனையோ கொடுப்பதானால் அதற்கு முன்னர் கொடுங்கள். அதன் பிறகு தீயணைப்புத் திணைக்களம், நீர், வடிகால், மின்சாரம் ஆகியவற்றின் இசைவு, அபிவிருத்தி அனுமதிப் பத்திரம், கட்டுமானம், கடைசியில், அனுமதித்தபடியே கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ். வீதிக் கோட்டை முதலிலேயே பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்றால், எதிர்கால வீதி விரிவாக்கத்துக்கு ஒதுக்கிய துண்டில் கேற்றும் காவலறையும் வரைந்து, திரும்ப முதலிலிருந்து வரையவேண்டி வரும்.

புதிய சமாந்தர வகுப்புக்கு, அதாவது அதே தரத்தில் இன்னொரு வகுப்புக்கு, அனுமதி தருவது கல்வித் துறை. கட்டிடத்துக்கு அனுமதி தருவது நகரத் துறை. இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமலே ஓடும். வகுப்பு முதலில் கிடைத்துக் கட்டிடம் பிந்தினால் பிள்ளைகள் விறாந்தையில் இருப்பார்கள். இரண்டு கோப்பிலும் ஒரே எண்ணிக்கைத் தாளை இணைக்கச் சொல்லுங்கள்.

வரைபலகை | செப்டம்பர் 9, காலை 8.55

மேலே சேர்க்கவேண்டியது. ஒரு வகுப்பு கூட்டினால் வருடத்துக்கு 35 பிள்ளைகள், ஐந்து வருடத்தில் 175. முதல் வருடம் வருவது தரம் 1 மட்டும், அவர்கள் மேல் தரங்களுக்கு முன்னரே வீடு போவார்கள். ஆகவே முதல் இரண்டு வருடம் 1.30 நெரிசலில் மாற்றமே தெரியாது. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று பாடசாலை சொல்லும், குடியிருப்போரும் நம்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் தரம் 4, 5க்கு ஏறும்போதுதான் சுமை முழுதாக விழும். எண்ணிக்கையை ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் திரும்ப எடுக்கும் உடன்பாடு இப்போதே எழுத்தில் வேண்டும்.

தரம் 2 ஆசிரியை | செப்டம்பர் 9, மாலை 4.20

நேரம் பிரிப்பதற்கு நான் மறுப்புச் சொன்னதால் வழியும் சொல்கிறேன். ஒரே நேரத்தில் விடும் தரங்களை 15 நிமிட இடைவெளியில் இரண்டாகப் பிரிக்கலாம். சகோதரர் உள்ள பிள்ளைகளை மூத்த பிள்ளையின் நேரத்துக்கு வைத்திருந்து, அதுவரை நூலகத்தில் ஒரு ஆசிரியரோடு இருத்தலாம். ஆசிரியருக்கு அந்த நேரத்துக்குப் பாடவேளை குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே அந்த ஏற்பாடு நின்றுவிடும். வேன் பிள்ளைகள் எல்லாரும் கடைசித் தொகுதி. முன்னால் விட்டால் வேன் முழுவதும் நிறையும் வரை முற்றத்தில் வெயிலில் நிற்பார்கள்.

பெற்றோர் முந்தி வருவதற்கு உண்மையான காரணம் பயம். பிள்ளை வெளியே வந்து தேடி அழும் என்ற பயம். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கையில் ஒப்படைக்கும் வரை ஆசிரியர் விடமாட்டார் என்று தெரிந்தால் 1.10க்கு வருபவர் 1.30க்கு வருவார். வகுப்பு எழுதிய அட்டையைக் காரின் முன்கண்ணாடியில் வைத்தால், வாசலில் நிற்பவர் பார்த்து உள்ளே சொல்லிவிடலாம்.

நடைபாதை | செப்டம்பர் 10, காலை 11.15

கல்யாண மண்டபங்களை எவரும் சொல்லவில்லையே. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மண்டபத் தரிப்பிடங்கள் வேலை நாளில் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். காலை ஒரு மணி நேரமும் மதியம் ஒரு மணி நேரமும் எழுத்து உடன்படிக்கையில் வாடகைக்கு எடுக்கலாம். பெற்றோர் அங்கே நிறுத்தி, 200, 300 மீற்றர் நடந்து வரட்டும்.

சிக்கல் முகூர்த்த நாள். தவணை தொடங்கும் முன் மண்டபத்தின் பதிவுப் புத்தகத்தையும் பஞ்சாங்கத்தையும் வைத்துப் பார்த்து, இடம் இல்லாத நாட்களைப் பெற்றோருக்கு முன்கூட்டியே கொடுக்கவேண்டும். வாகனச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் உடன்படிக்கையில் எழுதுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் முதல் கீறலோடு மண்டபக்காரர் கேற்றைப் பூட்டிவிடுவார்.

டொல்பின் | செப்டம்பர் 10, மாலை 7.00

மழை நாளை மறக்கவேண்டாம். ஒக்ரோபர், நவம்பரில் சரியாக விடும் நேரத்துக்கு இடியோடு கொட்டும். அன்று பைக்கில் வருபவர் எல்லாம் ஆட்டோவில் வருவார். மழைக்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் ஒவ்வொரு வாகனமும் கேற்றுக்கு நேரே நிற்கத்தான் பார்க்கும். வேன் நிற்கும் துண்டுக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் தகரக் கூரை போட்டால் மழை நாளும் மற்ற நாள் மாதிரியே ஓடும்.

வரைபலகை | செப்டம்பர் 11, இரவு 10.05

மழையென்றால் கூரைத் தண்ணீரும்தான். 100க்கு 25 அடிக் கூரை 232 சதுர மீற்றர். மணிக்கு 50 மில்லிமீற்றர் பெய்தால் 11,600 லீற்றர். குழாயை நேரே ஒழுங்கைக் கானுக்குள் விட்டால், ஏற்கெனவே மண் நிறைந்த கான் பொங்கி, பிள்ளைகள் நடக்கும் ஓரம் தண்ணீருக்குள் போகும். ஓரத்தில் தண்ணீர் நின்றால் வாகனம் நடுவில் நிற்கும். 10,000 லீற்றர்த் தாங்கி ஒன்றை வைத்து, மிகுதியை மெதுவாக விடும்படி வரைபடத்தில் போடச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் மலசலகூடத்துக்கும் உதவும்.

கட்டுமான காலம். ஒரு தட்டுச் சிலாப் ஐந்து அங்குலம் என்றால் 29 கன மீற்றர், பீமோடு 40 வரும். கலந்த கொங்கிறீற் கொண்டுவரும் ஆறு கன மீற்றர் ரெடிமிக்ஸ் லொறி ஏழு வரவேண்டும். 18 அடி ஒழுங்கையில் ஒரு லொறி நின்றாலே வழி அடைபடும். சிலாப் போடும் நாட்கள் விடுமுறையில் அல்லது சனிக்கிழமையில். லொறிகள் மரைன் டிரைவில் காத்திருந்து ஒவ்வொன்றாக உள்ளே வரவேண்டும். கல், மணல், கம்பி இறக்குவது காலை எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில், அல்லது பாடசாலை விட்டு முற்றம் வெறுமையான பிறகு. இதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் தன் வசதிக்குத்தான் இறக்குவார்.

தற்காலிக வகுப்புக் கொட்டகையை வேன் நிற்க வைத்திருக்கும் துண்டில் போடாதீர்கள். அப்படிப் போட்டால் கட்டி முடிக்கும் வரை எல்லா வேனும் ஒழுங்கையில் நிற்கும். குடியிருப்போர் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், பிறகு எந்த வாக்குறுதியையும் நம்பமாட்டார்கள்.

கடற்கரை ஒழுங்கை | செப்டம்பர் 12, இரவு 8.30

30 தரிப்பிடம் கேட்பதை விட்டுவிட்டோம். இப்போது எங்கள் கடிதத்தில் இருப்பது: ஆசிரியர் வாகனம் உள்ளே, இரண்டாவது கேற், வேன் தொகுதி, விடும் நேரத்தில் ஒருவழி, ஒரே பக்கம் தரிப்பு, வருடாந்த எண்ணிக்கை, கட்டுமான லொறி நேரம். எண்ணிக்கை எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்வது என்று எழுதவேண்டுமா?

வரைபலகை | செப்டம்பர் 12, இரவு 9.50

கட்டாயம் எழுதுங்கள். விடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னர், அதாவது 1.25க்கு, ஒழுங்கையில் நிற்கும் பாடசாலை வாகனங்களின் எண்ணிக்கை. நடைபாதை சொன்ன முறையில் ஒரு பக்கத்தை அளந்து, கேற்றுகளைக் கழித்து வரும் எண்தான் எல்லை. மூன்று நாளில் இரண்டு நாள் அதைத் தாண்டினால் இரண்டாம் வேன் தொகுதியை முதலில் தொடங்குவது, அடுத்து மண்டபத் தரிப்பிடத்தை எடுப்பது, அதற்கும் மேலே போனால் அடுத்த வருட மேலதிக வகுப்பை அந்த ஏற்பாடுகள் சரியாகும் வரை தள்ளிவைக்குமாறு அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவது. இந்த வரிசையில் எழுதுங்கள், பிள்ளைகளின் இடத்தில் கைவைப்பது கடைசியாக இருக்கட்டும்.

அளக்க நாடா போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேற்றின் இரண்டு தூணுக்கும் வெளியே அரை மீற்றர் கூட்டி அளங்கள், கார் திரும்பும்போது மூலை வெட்டும்.

டொல்பின் | செப்டம்பர் 13, காலை 5.45

செவ்வாயிலிருந்து எண்ணுவதானால் வேன் சங்கத்துக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். சொல்லாமல் ஆள் நின்று இலக்கம் எழுதினால் பொலிஸ் வழக்கு என்று நினைத்து அரைவாசிப் பேர் அடுத்த ஒழுங்கையில் போய் நிற்பார்கள், கணக்குப் பிழைக்கும். பிள்ளைகளின் பட்டியலை நாங்களே எழுதித் தருகிறோம், எந்த வேனில் எந்தத் தரம் எத்தனை பேர் என்று.